கூடத்து அலமாரியில் ஒரு ஹார்மோன் மாத்திரை அட்டை

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு நாற்பத்தெட்டு வயது. கோச்சடையில் வீடு, ஊருக்குள் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. மாதவிலக்கு நின்று ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. விட்டது தொல்லை என்று நினைத்து முடிப்பதற்குள் அந்தச் சூடு வந்து சேர்ந்தது. நெஞ்சில் கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். இரண்டு நிமிடத்தில் ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பகலில் மட்டும் பத்துப் பன்னிரண்டு முறை.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பேன், சாக்பீஸ் விரலில் நழுவும். என் முகத்தைப் பார்த்துக் கோபம் என்று பயந்து முன்வரிசைப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து நிற்பார்கள். "உக்காருங்கடி, நான் ஒண்ணும் சொல்லல!" என்று கத்துவேன். கத்தியதும் அவர்களுடைய சந்தேகம் உறுதியாகிவிடும்.

காளவாசல் பக்கம் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். என் வீட்டுக்காரரும் கூடவே வந்தார். யாரிடம் கேட்ட கேள்வியானாலும் பதில் தன்னுடையது என்று நினைப்பவர்.

"என்னம்மா செய்யுது?" என்று டாக்டர் என்னிடம்தான் கேட்டார்.

"கோவம் ஜாஸ்தியா வருது டாக்டர்" என்றார் இவர்.

"கோவம் இல்ல, சூடு" என்றேன்.

"அந்தச் சூட்டுலதான் டாக்டர் கோவமே வருது."

டாக்டர் சிரித்தார். "ஹார்மோன் கொறஞ்சிருக்கு. மாத்திரை எழுதித் தாரேன், சரியாப் போயிரும்" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வெளியே கூட்டம். நாங்கள் உட்கார்ந்த நாற்காலி சூடாகக்கூட இல்லை.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு அத்தனை பேர் நடுவில், "அக்கா, இது யாருக்கு? மகளுக்கா?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். வரிசையில் நின்றவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

அட்டையைக் கொண்டுவந்து கூடத்து அலமாரியில் வைத்தேன். பிரிக்கவில்லை. அந்த வாரம் டி. கல்லுப்பட்டியிலிருந்து என் வீட்டுக்காரருடைய அக்கா வந்திருந்தார். "எங்களுக்கெல்லாம் நிக்கலையா? நாங்க என்ன மாத்திரையா முழுங்குனோம்? வெந்தயத்த ஊறப்போட்டு மோருல குடிச்சோம். படிச்சவளுகளுக்குத்தான் இம்புட்டுச் சீக்கும் வருது."

"வெந்தயம் குடிச்சுட்டுத்தான் மதினி இருக்கேன்."

"அப்பக் கொஞ்சமாக் குடிச்சிருப்ப."

பள்ளியில் தையல் டீச்சர், மாத்திரை போட்டால் பத்து வயது குறையும் என்றார். சயின்ஸ் டீச்சர், "அதெல்லாம் போட்டா கேன்சர் வருமாம்" என்றார். எங்கே கேட்டீர்கள் என்றால், சொன்னார்கள் என்றார். யார் சொன்னது என்றால் தெரியவில்லை. வீட்டிலோ காலையில் காப்பித் தம்ளரை வாங்கும்போதே, "மாத்திரை போட்டியா?" என்பார் இவர். எனக்கு எல்லார்மேலும் ஆத்திரமாக வந்தது.

ஆனால் கேன்சர் என்ற அந்தச் சொல் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. என் அம்மா மார்பில் வந்த கட்டியால்தான், ஐம்பத்துமூன்று வயதில் இறந்தார். டாக்டர் இதைக் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு வருவது கோபம் இல்லை என்று நிரூபிப்பதிலேயே என் ஐந்து நிமிடமும் போய்விட்டது.

அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். அம்மாவின் கதையைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்மா."

"நீங்க கேக்கணும் டாக்டர்."

அவர் முகம் சுருங்கியது. பிறகு, "சரிதான், கேட்டிருக்கணும்" என்றார். அன்றுதான் நிதானமாகப் பேசினார். மாத்திரை போட்டால் சூடு நிச்சயம் குறையும். ஆனால் அம்மாவுக்கு அப்படி வந்திருப்பதால் யோசிக்க வேண்டும். "உங்களுக்கும் வரும்னு நான் சொல்ல மாட்டேன். வராதுன்னும் சொல்ல முடியாது. தாங்கிக்க முடியலன்னா கொஞ்ச நாளைக்குப் போட்டுப் பாக்கலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

எனக்கு அழுகை வந்தது. கேட்காமலே ஆளாளுக்கு முடிவு சொன்னார்கள். சொல்லத் தகுதியுள்ள ஒருவர் அதை என் கையில் கொடுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதே முடிவு செய்தேன். சூட்டைத் தாங்கிக்கொள்வேன், ஒவ்வொரு நாளும் மார்பைத் தடவிப் பார்த்துப் பயந்துகொண்டிருக்க என்னால் முடியாது. வீட்டுக்கு வந்து சொன்னபோது இவர், "அப்போ உன் கோவத்துக்கு என்னதான் வழி?" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை எழுத முடியாது. ஆனால் மறுநாளிலிருந்து "போட்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்.

பள்ளியில் தலைமையாசிரியையிடம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வகுப்பை மாற்றித் தாருங்கள் என்று இரண்டு முறை பூசிமெழுகிக் கேட்டேன், நடக்கவில்லை. மூன்றாம் முறை காரணத்தை அப்படியே சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும்தான் டீச்சர்" என்றார். அடுத்த வாரம் வேப்பமரத்தடி ஓட்டுக் கட்டடம் கிடைத்தது. கைப்பையில் ஒரு மாற்று ரவிக்கை எப்போதும் இருந்தது.

சூடு முழுதாக அடங்க நான்கு வருடம் ஆயிற்று. மாத்திரை போட்டிருந்தால் அந்த நான்கு வருடமும் சுகமாகப் போயிருக்குமோ என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். போயிருக்கலாம். அப்படி நினைக்கும்போது வரும் எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை.