ரேவின் நட்ட காஞ்சொறி

பால்பண்ணை வட்டாரமான தாரநாக்கியில் ஓடையோரம் வேலி போட்டுச் செடி வைப்பது எல்லாப் பால்மாட்டுக்காரர்களும் செய்கிற காரியம்தான். ரேவின் மட்டும் அந்தச் செடிகளுக்கு நடுவே, தொட்டால் அரிக்கிற களையான காஞ்சொறியைத் தேடிக் கொண்டுவந்து நட்டாள். சிவப்புப் பட்டை போட்ட பட்டாம்பூச்சி அந்த இலையில்தான் முட்டையிடும். அதன் புழு வேறெதையும் வாயில் வைக்காது. சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவர் இறந்துபோன பிறகு மாடுகளைக் குத்தகைக்கு விட்டுவிட்டாள். ஓடைக்கரை ஒன்றுதான் அவள் கையில் இருந்தது. தினமும் காலையில் போய் இலை மடிப்பைப் பிரித்துப் புழு இருக்கிறதா என்று பார்ப்பாள்.

குளிர்காலத்தில் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அந்த ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் அக்கம்பக்கத்தார் கூப்பிடாமலே வந்து வேலையை முடித்துக் கொடுப்பார்கள். நல்ல மனசுக்காரர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வேலியோரத்தில் ஒரு களை தெரிந்தால் போதும், இழவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். பக்கத்துப் பண்ணை மெர்வ் நாலு பேரைக் கூட்டிவந்து கரை முழுக்கக் களைக்கொல்லி மருந்தடித்துவிட்டார்.

கம்பு ஊன்றித் திரும்பி வந்தவளைக் கரைக்கு அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினார்கள். காஞ்சொறி மஞ்சளித்துச் சாய்ந்து கிடந்தது. ரேவின் கம்பால் ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, ரொம்ப சுத்தமாக இருக்கிறது என்று நன்றி சொல்லி, அவர்கள் கொண்டுவந்த கேக்கை வெட்டி, தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

வசந்தத்தில் ஒரு பட்டாம்பூச்சி வந்தது. கோரையில் உட்கார்ந்து எழுந்தது, புதரில் உட்கார்ந்து எழுந்தது, கரை நெடுகத் தேடிவிட்டு ஓடையைத் தாண்டிப் போய்விட்டது. ரேவின் நின்ற இடத்திலேயே அழுதாள். வீட்டுக்கு வந்து மெர்வுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததும் மெர்வ் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, ரேவின்."

"சொல்லியிருந்தா அடுத்த தடவை நீங்க யாரும் வரமாட்டீங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

"அடப் போ," என்றார் அவர். "எங்க கரையில காஞ்சொறி மண்டிக் கிடக்கு. திங்கக்கிழமை மருந்தடிக்கிறதா இருந்தேன். நாளைக்கு அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வர்றேன். எங்க நடணும்னு நீ நின்னு காட்டு."