எபனேசர் அண்ணன் தட்டும் சத்தம்

எபனேசர் அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

உப்பல் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். பழைய ஆட்களுக்குத் தெரியும்… சாவிக்கொத்தின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே நடப்பாரே, அவர்தான்.

நான் தங்கராஜ். அவரிடம் லோடிங் வேலை பார்த்தவன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மாடியில் குடியிருக்கும் கவிதா டைப் செய்கிறாள். போனில் நீங்கள் பார்க்கும் இந்தப் பக்கம் என் மகனுடையது.

அழுகை இன்னும் வரவில்லை. பயம்தான் வருகிறது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பேக்கிங் பெட்டிமேல் உட்கார்ந்து பைபிளில் ஓர் அதிகாரம் வாசிப்பார் அண்ணன். கேட்க நான் ஒருவன்தான். மறுநாள் அடுத்த அதிகாரம் தொடங்கும் முன் நேற்றையதை நான் திருப்பிச் சொல்லவேண்டும்.

தப்பினால் வாயைத் திறக்கமாட்டார். விரல் முட்டியால் பெட்டியில் ஒரு தட்டு. டொக். நான் நின்று, கொஞ்சம் பின்னால் போய், சரியாகப் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

வம்ச வரலாறு வந்தால் எனக்குக் கண் சொக்கும். “இந்தப் பேருங்க மட்டும் நக்கோண்ணே, வேணாம், விட்டுடலாம்.”

“அவனவன் பெத்துப் பேரு வச்சிருக்கான், ஒனக்கு நக்கோவால? சொல்லு!” திருநெல்வேலியை அவர் கடைசிவரை விடவே இல்லை.

ரிட்டயர் ஆனபின் இரண்டு பேரும் லோத்குண்டா பக்கமே வந்துவிட்டோம். பெட்டி போய் அவர் வீட்டு டீப்பாய் வந்தது. பந்த் என்று தெருவில் இறங்க முடியாத நாட்களில் போன் வரும். ஹலோ கிடையாது, நேரே அதிகாரம். நான் தப்பினால் ரிசீவரில் டொக்… காது ரெண்டாகிவிடும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “அண்ணே, எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சே. தெனமும் எதுக்கு வாசிக்கணும்? ஒருநாள் விட்டா இன்னா ஆவும்?”

“ஸ்டாக் கார்டுல போல்ட்டு இருக்குன்னு எழுதியிருக்கும். ரேக்குல இருக்கணும்லா? போய்ப் பாத்தாத்தான தெரியும்?”

“என் ரேக்கு ஃபுல்லா இருக்குண்ணே.”

“அப்படிச் சொன்னவன் ஸ்டோர்லதாம்ல முதல்ல சரக்கு கொறையும்.”

அன்றைக்குச் சிரித்தோம்.

போன மாதம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போனது. வாசிப்பும் நின்றது. என் வீட்டில் தமிழ் பைபிள் இருக்கிறது, வாசிக்கத்தான் ஆள் இல்லை. மகன் தெலுங்கு மீடியம், மருமகள் தெலுங்குக்காரப் பெண். தமிழ் அவர்கள் வாயில் வரும், கண்ணுக்குத் தெரியாது.

தான் போனால் அடக்க ஆராதனையில் தொண்ணூறாம் சங்கீதத்தைத் தங்கராசுதான் சொல்லவேண்டும் என்று மகளிடம் எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார். அது எனக்கும் தெரியும். அதனால் ஆஸ்பத்திரியில் சாயங்காலமெல்லாம் அவர் காதருகே அதையே சொன்னேன்.

தப்பினால் விரல் கட்டில் கம்பியைத் தட்டும். மெதுவாகத்தான். “நீள்ளு காவாலா, தாத்தா?” என்று நர்ஸ் தண்ணீரோடு ஓடி வருவாள். அண்ணன் என்னைத்தான் முறைப்பார்.

நேற்று சாயங்காலம் முழுவதையும் சொல்லி முடித்தேன். ஒரு தட்டுகூட இல்லை. “இன்னிக்கு நான் பாஸுண்ணே” என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் பஸ் ஏறி வந்தேன்.

இன்று செய்தி வந்ததும் கவிதாவைக் கூப்பிட்டு பைபிளைக் கையில் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே வாம்மா என்று, நேற்றுச் சொன்னபடியே சொன்னேன்.

“தாத்தா, நில்லுங்க. புல்லைப் பத்தி ஒரு இடம் வருது. அதை விட்டுட்டீங்க.”

“நேத்தும் இப்டிதாம்மா சொன்னேன். அவரு தட்டலியே…”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. விரலைத் தூக்கக்கூட நேற்று அவருக்குத் தெம்பு இருந்திருக்காது.

சில வாரம் வாசிப்பைக் கேட்காததற்கே புல் போய்விட்டது. இன்னும் எதெது போயிருக்கிறதோ… போன இடத்தில் என் சொந்தச் சொல் ஏதாவது வந்து உட்கார்ந்திருக்கிறதோ. வேதத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. குறைத்தேனா கூட்டினேனா என்று எனக்கே தெரியவில்லையே.

அண்ணன் மகளுக்குப் போன் போட்டு, பாஸ்டரே வாசிக்கட்டும் என்றேன். “அப்பா உங்கள நம்பித்தான் மாமா சொல்லிட்டுப் போயிருக்காங்க” என்று அழுதாள். சரிம்மா, நானே சொல்றேன் என்று போனை வைத்தேன்.

பாஸ்டர் பக்கத்தில் புத்தகத்தோடு நிற்பார், தப்பினால் எடுத்துக் கொடுப்பார் என்கிறான் மகன். கொடுக்கமாட்டார். துக்கத்தில் ஒரு கிழவன் தடுமாறினால் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சும்மாதான் இருப்பார்கள்.

கவிதாவை வரச் சொன்னேன். நாளைக்கு ஆபீஸில் ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸாம், லீவு கிடையாதாம். பாவம், எனக்காக ரெண்டு தடவை வாசித்துக் காட்டினாள். ஐடி வேகம்… என்னால் கூடவே ஓட முடியவில்லை.

“இன்னும் மெதுவா படிச்சா எனக்கு ஆபீஸ் கேப் போயிடும் தாத்தா.”

மூன்றாவது தடவையும் வாசித்தாள். மெதுவாக.

அடக்கம் நாளை மதியம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

அண்ணே… பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். புல் வரும் இடத்தில் கொஞ்சம் நிதானிப்பேன்.

தப்பினால் தட்டுங்கண்ணே.