இரண்டு என்று சொன்ன குரல்

வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும் அவள் ஒருமுறை எண்ணுவாள். சாவியைப் பூட்டுக்குள் நுழைத்துவிட்டுத் திருப்பாமல் அப்படியே நிற்பாள். இடதுகைக் கட்டைவிரல் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். கணவர், மகன், மகள், தான். மற்ற மூன்று பேரும் கண்ணெதிரேதான் நிற்பார்கள். அது அவளுக்குப் போதாது. ஒவ்வொருவரும் வாய்விட்டு ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லும்போது அந்த உதடு அசைகிறதா என்று அவள் பார்க்க வேண்டும். அப்புறம்தான் சாவி திரும்பும்.

“நாங்க என்ன மேய்ச்சலுக்குப் போற ஆடாம்மா?” என்பான் மகன்.

“ஆடுன்னா கத்தணும்ல? கத்து பாக்கலாம்.”

“மே…”

“சரி, நீ இருக்கே.”

மகள் சில சமயம் வேண்டுமென்றே அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அண்ணன் குரலில் பேசிக் காட்டுவாள். அச்சு அசல் அவன் குரலாகவே இருக்கும். மற்ற வேடிக்கைகளுக்கெல்லாம் சிரிக்கிற அம்மா இதற்கு மட்டும் சிரிக்கமாட்டாள். “முன்னாடி வா” என்பாள், ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது போல.

பிறந்த வீட்டில் அவளுக்கு மூணு என்று பெயர். வைத்த பெயர் வேறு. அது பள்ளிச் சான்றிதழோடு நின்றுவிட்டது. மூன்றாவது பிள்ளை, அதனால் மூணு. கட்டிக்கொண்டவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

முப்பத்தோரு வருஷம் அவள் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தாள். எட்டாத உயரத்தில் ஜன்னல்கள் வைத்த நீண்ட அறை. வரிசையாகப் பன்னிரண்டு பெண்கள், தலையில் ஹெட்போன், எதிரே பலகை முழுக்கத் துளைகள். யார் யாரோ நம்பர் கேட்பார்கள், இவர்கள் வயரைச் செருகி இணைத்துவிடுவார்கள். ஒரு நாளில் நானூறு ஐந்நூறு அந்நியர்கள் அவள் காதில் “ரெண்டு” என்று சொல்வார்கள். நாலு ரெண்டு ஆறு. ஏழு ரெண்டு ரெண்டு. ஆண் குரல் என்றால் கை தானாகச் செருகிவிடும். பெண் குரலாக, அதுவும் கொஞ்சம் தடித்த குரலாக இருந்தால், வயர் துளைக்கு முன்னால் வந்து நிற்கும்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“என்னடி, காது மந்தமா உனக்கு?” என்பாள் பக்கத்து இருக்கைக்காரி. “காதே இல்லாதவளுக்கு எவன் இந்த வேலையக் குடுத்தான்?”

கணவரும் அந்த ஹெட்போன் வழியாக வந்தவர்தான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தினமும் காலை பத்து மணிக்கு லென்ஸ் மொத்தவியாபாரியின் நம்பரைக் கேட்பார். பத்து மணிக்கு அந்த நம்பர் கிடைக்கவே கிடைக்காது என்று ஊருக்கே தெரியும்.

“என்கேஜ்டா இருக்கு சார்.”

“இருக்கட்டும்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

ஆறு மாதம் அவசரமில்லாமல் இருந்துவிட்டு ஏழாம் மாதம் பெண் கேட்டு வந்தார்.

காலை ஷிப்டுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில், பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் ஏழு நாவல்கள் எழுதினாள். ஏழிலும் யாரோ ஒருவர் எங்கேயோ போய்விட்டு, நேரங்கழித்து, ஆனால் கடைசியில் வந்து சேர்ந்துவிடுவார். வாசகர்கள் அதை நல்ல முடிவு என்று பாராட்டினார்கள். அவளுக்கு அது முடிவாகப் பட்டதே இல்லை. வருகிறவரின் செருப்புச் சத்தம் கேட்பதற்காகவே முந்நூறு பக்கம் எழுதியதாகத் தோன்றும்.

அவளுடைய அறுபத்தெட்டாவது வயதில் பதிப்பாளர் கேட்டார்: வெளிநாட்டில், போர்க்காலத்தில் கழிந்த சிறுவயதை எழுதலாமே? மூணு ஒப்புக்கொண்டாள். பத்து அத்தியாயம் மளமளவென்று வந்தது. பதினொன்றாவதில் பேனா நின்றது. நான்கு மாதம் அசையவில்லை.

அவளுடைய முதல் வாசகர் எப்போதும் கண்ணாடிக்கடைக்காரர்தான். பத்து அத்தியாயத்தையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“உங்க அக்கா நல்லா வந்திருக்கா. கண்ணு முன்னாடி நிக்கிறா. அப்புறம் எங்க போனா?”

“உங்களுக்குத்தான் தெரியுமே. ஊரைக் காலி பண்ணினப்போ தொலைஞ்சுபோயிட்டா.”

“அது நீ நாப்பது வருஷமாச் சொல்றது. எப்படித் தொலைஞ்சான்னு ஒரு நாளும் சொன்னதில்லையே.”

அவள் தாள்களைத் திருப்பி வாங்கி அடுக்கத் தொடங்கினாள்.

“கல்லுளிமங்கி” என்றார் அவர், அன்பாகத்தான். “வாயால வராட்டி எழுதிக் குடு. நான் சத்தம் போடாமப் படிச்சுக்கறேன்.”

அடுத்த ஒன்பது நாளில் அவள் எழுதிக் கொடுத்தது இதுதான்.

அப்பா அந்தத் துறைமுக நகரத்தில் ஒரு மரக்கிடங்கில் எழுத்தர். போர் நெருங்கி வந்ததும் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். அபாயச் சங்கு ஊதினால் தெருவே பதுங்குகுழிக்குள் இறங்கும். உள்ளே கும்மிருட்டு, முப்பது நாற்பது பேர். தன் பிள்ளைகள் மூன்றும் இருக்கின்றனவா என்று அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். “வரிசை!” என்று குரல் கொடுப்பார். அண்ணன் “ஒண்ணு” என்பான், அக்கா “ரெண்டு” என்பாள், இவள் “மூணு” என்பாள். அப்பா மூச்சு விடுவார். அந்த மூச்சு இருட்டிலும் கேட்கும்.

அக்காவுக்குப் பத்தரை வயது. ஓரிடத்தில் நிற்காத கால். தெருமூலை ரொட்டிக்கடைக்காரரின் மகளும் அவளும் அப்படி ஒட்டு. ரொட்டிக்கடையின் நிலவறைக்குள் இறங்கினால் அடுப்புச் சூடு இருக்கும் என்பதால், சங்கு ஊதும்போதெல்லாம் அக்கா அங்கே ஓடிவிடுவாள். போகிறபோது இவள் காதில், “எனக்கும் சேத்துச் சொல்லிடு” என்பாள். ஏழு வயதுக்காரி தன் குரலைத் தடிப்பாக்கி “ரெண்டு” என்பாள். உடனே தன் குரலில் “மூணு” என்பாள். அப்பா ஒரு நாளும் கண்டுபிடித்ததில்லை. இரண்டு பேருக்கும் அது பெரிய வேடிக்கை. ஆபத்து நீங்கிய சங்கு ஊதி எல்லோரும் மேலே ஏறும்போது, அக்கா ஒன்றும் தெரியாதவள் போல அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். எப்போதும் வந்துவிடுவாள்.

ஊரைவிட்டுக் கிளம்பின சாயங்காலம் தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. நாலு பக்கமும் தார்ப்பாய். உள்ளே ஏறினதும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பாலத்தை மூடப்போகிறார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்று டிரைவர் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தான்.

“ரொட்டிக்கடைப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு ரெண்டே நிமிஷத்துல வந்துடறேன். எனக்கும் சேத்துச் சொல்லிடு” என்றாள் அக்கா. தார்ப்பாய் ஒரு முறை விலகியது, ஒரு கீற்று வெளிச்சம், மறுபடி மூடியது.

“வரிசை!” என்றார் அப்பா.

“ஒண்ணு.”

“ரெண்டு.”

“மூணு.”

“போலாம்ப்பா” என்று அப்பா டிரைவருக்குச் சொன்னார்.

வண்டி நகர்ந்தபோதுகூட அவளுக்குப் பயமில்லை. அக்கா பின்பக்கமாகத் தொற்றி ஏறியிருப்பாள் என்றே நினைத்தாள். பாலம் தாண்டி, படகுத்துறையில், விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் இறங்கியபோதுதான் அம்மா அலறினாள். அப்பா, “இப்பத்தானே குரல் குடுத்தா! நான் கேட்டேனே!” என்றார். “நானும் கேட்டேன்” என்றாள் அம்மா. அண்ணனும் கேட்டிருந்தான். அப்படியென்றால் லாரியில் ஏறினவள் வழியில்தான் விழுந்திருக்க வேண்டும். எல்லோரும் வந்த சாலையைப் பார்த்துத் திரும்பினார்கள். பாலத்தை மூடிவிட்டார்கள். ஏழு வயதுக்காரியும் அந்தச் சாலையையே பார்த்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். ஒரு நிலைக்கு மேல் அது சொல்ல முடியாததாகவே ஆகிவிட்டது.

போர் முடிந்தும் அப்பா ஞாயிறுதோறும் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதுவார். அந்த நாட்டு எழுத்து அவளுக்குப் படிக்க வராது. சாலையோர மருத்துவமனைகளுக்கு, காவல்நிலையங்களுக்கு எழுதுகிறார் என்று அண்ணன் சொல்வான். உறையில் தபால்தலை ஒட்டும் வேலையை அப்பா அவளுக்குத்தான் கொடுப்பார். ஒவ்வொன்றும் தப்பான இடத்துக்குத்தான் போகிறது என்று தெரிந்தே, ஓரம் மடங்காமல், நேராக ஒட்டுவாள். அவளுடைய இருபத்தாறாவது வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தின ஞாயிறுகூட ஒரு கடிதம் ஒட்டினாள்.

கண்ணாடிக்கடைக்காரர் படித்து முடித்துவிட்டு வெகுநேரம் காகிதங்களின் ஓரத்தைத் தட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்.

“இத அச்சுல போடறதுக்கு முன்னாடி அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு” என்றார். “கடையில வாங்கிப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டா அந்த மனுஷன் தாங்கமாட்டார்.”

அண்ணன் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். மூன்று மணிநேரப் பஸ் பயணத்தில் அவர் ஊர். மூணு போனபோது ஜன்னலோரம் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“வா மூணு. என்ன, புஸ்தகத்துல என்னைக் கோமாளியாக்கிட்டியாமே? மாப்பிள்ளை போன்ல சொன்னாரு.”

“இருக்கறதத்தான் எழுதினேன்.”

“அதான் பயமா இருக்கு.”

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல், நின்றபடியே பதினோராம் அத்தியாயத்தைப் படித்தாள். பாதியிலேயே பென்சில் சீவுவது நின்றது. முடித்தபோது அவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துவந்து மேசையில் விரித்தார். மடிப்புகளில் கிழிந்து துணி ஒட்டிய காகிதம். தெருவிலிருந்து படகுத்துறை வரை அந்தச் சாலை. வளைவு, மேடு, பள்ளம். லாரி வேகம் குறைந்த பதினான்கு இடங்களில் சிவப்புப் புள்ளி. பன்னிரண்டு வயதில், படகில் வரும்போதே, அப்பா தேடுவதற்காக அவர் வரைந்தது.

“இதப் பாத்துட்டு அப்பா என் தலையில கை வச்சாரு. உன் கை நல்ல கைடான்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் நாப்பது வருஷம் மேப் போட்டேன்.” அவர் குரல் உயர்ந்தது. “ஊமைக்கோட்டான் மாதிரி பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்தியேடி! நான் சிவப்புப் பென்சில் கேட்டப்போ எடுத்துக் குடுத்ததே நீதான்!”

“ஆமாண்ணா.”

“போ. இப்ப போயிடு.”

போனாள். அதன்பின் ஐந்து மாதம் பேச்சில்லை. பிள்ளைகள் சமாதானத்துக்குப் போய் வந்தார்கள், நடக்கவில்லை. பதிப்பாளருக்கு மூணு, “அண்ணன் சொல்லாமல் தரமாட்டேன்” என்று எழுதிவிட்டாள். காலையில் மேசை ஓரத்தில் உட்கார்வாள்; எழுதமாட்டாள். எழுபது வயதை எட்டப்போகிற பெண்மணி, சிலசமயம் யாருமில்லாத சாப்பாட்டறையில், குரலைத் தடிப்பாக்கி அந்த எண்ணைச் சொல்லிப் பார்ப்பாள். அக்காவின் குரல் என்று அவளிடம் மிச்சமிருந்தது தான் காட்டிய மிமிக்ரி மட்டும்தான். நிஜக் குரல் எப்படி இருந்தது என்பது எப்போதோ மறந்துவிட்டது. இதை அவள் எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை.

ஆறாம் மாதம் போன் வந்தது.

“மூணு. அந்த மேப்பையும் சேத்துப் போடு.”

“அண்ணா…”

“அழுதா வச்சுடுவேன். கீழ ‘இது தப்பான மேப்’னு போடு. ஆனா அளவு சரியா இருக்குன்னும் போடு. அளவுல நான் தப்பு விடலை.”

“போடறேன்.”

“அப்புறம், லாரியில எனக்கு வாந்தி வந்ததா எழுதியிருக்கே. வாந்தி எடுத்தது நீ.”

புத்தகம் வந்தது. வரைபடம் நடுப்பக்கத்தில் இருந்தது. தப்பான இடத்தில் தேடவைத்தவள் நான் என்று மூணு கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

பதினான்கு மாதம் கழித்து, மகள் எங்கெங்கோ விண்ணப்பித்து, போரில் காணாமல்போனவர்களைத் தேடிய ஒரு நிவாரண அமைப்பின் ஆவணக்கிடங்கிலிருந்து அக்காவைப் பற்றிய ஒரு பழைய கோப்பின் நகலை வரவழைத்தாள். கீழே வேறு யாரோ, “விசாரிக்கப்பட்டது. தகவல் இல்லை” என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார்கள். மேலே இருந்த படிவம் அப்பாவின் கையெழுத்தில், அந்த நாட்டு எழுத்தில். மகள் அதை வரிவரியாக மொழிபெயர்க்கவைத்துக் கொண்டுவந்தாள். தேதி, அவர்கள் படகிலிருந்து இறங்கிய பதினோராம் நாள். கடைசியாகக் காணப்பட்ட இடம்: எங்கள் தெருமூலை ரொட்டிக்கடை; லாரியில் ஏறவில்லை. தகவல் தந்தவர்: இளைய மகள், வயது ஏழு, தூக்கத்தில் உளறியது. குறிப்பு: அவளுக்கு இது தெரியாது, அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம்.