நின்று சொல்லும் விண்ணப்பம்

இந்த ஊரில் தேவாலயத்துக்குள் செருப்போடு போகிறார்கள். செருப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். குளிர்காலத்தில் அது கணுக்காலைத் தாண்டி ஏறிய, பனியும் சேறும் அப்பிய பூட்ஸ். நாங்கள் ஜெர்மனிக்கு வந்த முதல் ஞாயிறு, என் மனைவி ஸ்டெல்லா வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுக் காலுறையோடு உள்ளே நடந்தாள். ஆரணியில் நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலுக்குள் எப்படிப் போவது என்பதை எங்களுக்கு யாரும் கற்றுத்தந்ததில்லை, கால்களுக்கே தெரியும். இரண்டு ஞாயிறு இதைக் கவனித்த ஹெல்கா என்ற பெண்மணி, கோயிலைப் பராமரிப்பவர், அடுத்த வாரம் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பை நீட்டினார். "உங்கள் பூட்ஸ் ஒழுகுகிறது போலிருக்கிறது. வெட்கப்பட வேண்டாம்." பூட்ஸ் நன்றாகவே இருக்கிறது, இது மரியாதை என்று விளக்க ஸ்டெல்லா முயன்றாள். எங்களுடைய அப்போதைய ஜெர்மனில் மரியாதை வரை சொற்கள் எட்டவில்லை. ஹெல்கா புரிந்துவிட்டதாகத் தலையசைத்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் கனமான ஒரு ஜோடியோடு வந்தார்.

நான் ஆரணியில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தவன். அப்பா பட்டு நெசவாளர். அக்கா கிரேஸ் முள்ளிப்பட்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கே நெய்கிறாள். ஸ்டெல்லா செவிலியர். இங்குள்ள முதியோர் இல்லம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்ததால் நானும் வந்தேன், ஒரு ரொட்டி ஆலையின் கிடங்கில் வேலை செய்கிறேன். செய்தி எழுதிய கையால் பெட்டி அடுக்குவதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பார்ப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பழக்கம் விடவில்லை. இதையும் ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப்போல் ஊரை விட்டு வந்தவர்களுக்கும் ஒரு செய்தியாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது குளிர்காலத்தில் ஸ்டெல்லாவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டில் இருக்கிறது, எடுத்துத்தான் ஆக வேண்டும், எடுத்த பிறகே அது என்ன கட்டி என்று சொல்ல முடியும் என்றார் மருத்துவர். இன்னொன்றும் சொன்னார். குரலுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டியே ஓடுகிறது. அதற்குச் சேதம் வந்தால் குரல் திரும்பாமலே போகலாம். நரம்பு எவ்வளவு மெல்லியது என்று கேட்டேன். நூல் போல என்று விரல்களை ஒட்டிக் காட்டினார். நெசவாளர் மகனுக்கு நூலைப் பற்றித் தெரியும். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் ஒரு பட்டு இழை அறுந்தால் எச்சில் தொட்டு முறுக்கிப் பிணைத்துவிடுவார் அப்பா. நரம்பை அப்படிப் பிணைக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஸ்டெல்லா ஆரணிக் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவள். ஆர்மோனியம் பழுதானால் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு சபை முழுவதும் பாடும். இங்கே அவள் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் பாதிப்பேருக்குக் காது கேட்காது. அவள் குரல்தான் அவர்களை எழுப்பும், மருந்து விழுங்கவைக்கும், குளிக்க அழைத்துப்போகும். குரல் போனால் அவளிடமிருந்து போவது பாட்டு மட்டுமல்ல.

அந்த ஞாயிறு அவளுக்குக் காலைப் பணி. நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். ஆராதனையின் நடுவே போதகரான அம்மையார், "நம் கவலைகளை ஆண்டவரிடம் கொண்டுவருவோம்" என்றார். எல்லோரும் தலைகுனிந்து மௌனமானார்கள். நான் எழுந்து நின்றேன். என் மனைவி பெயர் ஸ்டெல்லா, கழுத்தில் கட்டி, இடது பக்கம், வால்நட் அளவு, விழுங்கும்போது உறுத்துகிறது, அடுத்த மாதம் அறுவை, குரல் போய்விடுமோ என்று பயப்படுகிறோம், ஜெபம் பண்ணுங்கள் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் முழுவதும் சொல்லி உட்கார்ந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் தன் கையுறையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் என்னை ஓரமாக அழைத்தார். நல்ல மனுஷி. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆனாலும் முதல் கேள்வி, "இதைப் பொதுவில் சொல்ல உங்கள் மனைவி சம்மதித்தாரா?" என்பதுதான். பிறகு டாட்டன்ஷுட்ஸ் என்றொரு சொல்லைச் சொன்னார். ஒருவருடைய தனிவிவரங்களைக் காப்பது என்று பொருள். இந்த நாட்டில் அது சட்டம், ஏறக்குறைய ஒரு மதம். ஆண்டவருக்குத்தானே சொன்னேன் என்றேன். "ஆண்டவருக்கு மௌனமாகவும் சொல்லலாம்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. நான் சொன்னதிலும் தவறில்லை என்பதை விளக்கத்தான் எனக்கு மொழி போதவில்லை.

வீட்டில் ஸ்டெல்லா கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, சைஸ் கூடவா சொன்னீங்க?"

"சொன்னாத்தானே அவங்களுக்குத் தெரியும்?"

"பேப்பர்காரன் புத்தி! நல்லவேளை, போட்டோ எடுத்துகினு போயி காட்டாம விட்டீங்க."

சிரித்து முடித்தபின் அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "நம்மூரா இருந்தா இந்நேரம் வீடு நெறைஞ்சிருக்கும்" என்றாள்.

அது உண்மை. எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பிரசங்கத்துக்கு முன் விண்ணப்ப நேரம் ஒன்று உண்டு. தேவையுள்ளவர் எழுந்து நின்று தானே சொல்ல வேண்டும், பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். 'சரீர பலவீனம்' என்று பொதுவாகச் சொன்னால் பின்வரிசைப் பெண்கள் விடமாட்டார்கள், "இன்னா பலவீனம், எங்க நோவுது?" என்று அங்கிருந்தே கேட்பார்கள். எங்கள் தெருவில் தறி வைத்திருந்த மோசஸ் மாமா ஒருமுறை எழுந்தார். "வெக்கப்பட்டுகினு இருந்தா வேலைக்கு ஆவாது. எனக்கு மூலம். தறியில உக்கார முடியல. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க." நாளெல்லாம் தறிக்குழியின் ஓரப் பலகையில் உட்காரும் நெசவாளருக்கு அது தொழிலோடு வரும் நோய். ஆனாலும் பின்னாலிருந்து ஒரு குரல், "எப்பலேர்ந்து மாமா?" என்றது. "பண்டிகை கழிச்சி." "அப்ப அது மூலம் இல்ல மாமா, பிரியாணி." போதகர் இருமிக்கொண்டே தலைகுனிந்தார். பிறகு சபை முழுவதும், சிரித்த அதே வாயால், அவருக்காகச் சத்தமாக ஜெபித்தது. மறுநாள் நான்கைந்து வீட்டிலிருந்து அவர் வாசலுக்குக் கருணைக்கிழங்கு வந்தது. விவரமாகச் சொல்வதன் பயன் அதுதான். நோய் எது என்று தெரிந்தால்தானே எதைக் கொண்டுபோவது என்று தெரியும்?

நான் கல்லூரியில் படித்தபோது தேவிகாபுரம் சாலையில் சைக்கிளிலிருந்து விழுந்து அப்பாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. தறியில் வந்தவாசிக் கல்யாண வீட்டுச் சேலை பாதியில் நின்றது. அப்பா கழுத்தில் கட்டிய துணியில் தொங்கிய கையோடு கோயிலில் எழுந்து அதையே சொன்னார்: "வலது மணிக்கட்டு. பாதி சேலை நிக்குது." வேறொருவர் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தால் போயிற்று என்று வெளியார் நினைக்கலாம். ஒவ்வொரு நெசவாளருக்கும் குறுக்கே ஓடும் ஊடை இழையை அடித்து நெருக்கும் பலம் வேறு. ஆள் மாறிய இடம் வெளிச்சத்தில் கோடாகத் தெரியும். மறுநாள் சபையிலிருந்து மூன்று பேர் வந்து சேலையைப் புறங்கையால் தடவிப் பார்த்தார்கள். அப்பாவின் அடிக்கு யார் அடி நெருக்கம் என்று கோழிச்சண்டை போலச் சண்டை போட்டார்கள். கடைசியில் மோசஸ் மாமா தன் தறியை அப்படியே நிறுத்திவிட்டு எங்கள் தறியில் உட்கார்ந்தார். எப்போதும் தெருப்பேச்சு பேசுகிறவர், கண்ணை மூடியதும் ஜெபத்தமிழுக்கு மாறினார்: "ஆண்டவரே, இவன் கையை எனக்குத் தாரும்." அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் தொடையில் தட்டி அடி சொன்னார். சேலை முடிந்து கல்யாணத்துக்குப் போனது. கை மாறிய இடம் எது என்று நான் தேடிப் பார்த்தேன். தெரியவில்லை. நிருபராக எத்தனையோ அற்புதச் செய்திகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன, அந்தச் சொல்லை அடித்துவிட்டுத்தான் அனுப்புவேன். இதையும் அற்புதம் என்று எழுத மாட்டேன். விசுவாசம் என்று என் வீட்டில் சொல்லப்பட்டது இதைத்தான் என்று மட்டும் எழுதுவேன்.

இங்கே ஒரு வாரம் யாரும் வரவில்லை. அவர்கள் குளிர்ந்தவர்கள் என்று மனதில் தலைப்பே போட்டுவிட்டேன். பிறகு தபாலில் ஓர் அட்டை வந்தது. புதன்கிழமை மாலை உங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் வரலாமா என்று கேட்டிருந்தார் ஹெல்கா. "நோவுன்னு தெரிஞ்சும் வர்றதுக்கு பர்மிஷன் கேக்கறாங்களா?" என்று ஸ்டெல்லா வியந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்தார். பிளம் கேக்கை மேசையில் வைத்தார். வானிலை பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்தார். கழுத்தின் மடிப்பில் வெளுத்த கோடாக ஒரு தழும்பு. "எனக்கும் இதே அறுவைதான். கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவரும் இப்போது இல்லை" என்றார். முதல் வாரங்களில் தவளைபோல் பேசியதையும், சளி பிடித்திருக்கிறது என்று எல்லோரிடமும் பொய் சொன்னதையும் சொன்னார். "இப்போது பாடகர் குழுவில் பாடுகிறேன், கேட்டிருப்பீர்களே. உங்கள் கணவர் எழுந்து நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன்."

ஸ்டெல்லா செவிலியரின் விரலால் அந்தத் தழும்பை மெல்லத் தடவினாள். பிறகு ஜெபிக்கலாமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தமிழில் தொடங்கிவிட்டாள். ஹெல்காவுக்கு எப்போது முடியும் என்று தெரியாது, கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆமென் வந்ததும் கரை கண்டவர்போல அதைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, கவலைகளைக் கொண்டுவரும் நேரத்தில், கையுறையை மடித்த அந்தப் பெரியவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "முழங்கால்" என்றார். சற்று யோசித்து, "வலது" என்று சேர்த்துவிட்டு உட்கார்ந்தார். போதகர் என்னைப் பார்த்தார். நான் பிரசங்க பீடத்தைப் பார்த்தேன். என் ஆரணிச் சபையை எண்ணி நெஞ்சு இவ்வளவு நிமிர்ந்த நாள் வேறில்லை. ஆரணியின் நெசவாளர் தெருவில் பழகிய ஒன்று, விமானச் சீட்டோ விசாவோ இல்லாமல் இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

அறுவை நாளன்று காத்திருப்பு அறையில் போதகர் என்னோடு உட்கார்ந்தார். அவர் மௌனமாக ஜெபித்தார். என்னால் அது முடியவில்லை. கதவுக்கு வெளியே செய்திக்காகக் காத்திருப்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் அதெல்லாம் பிறர் வீட்டுச் செய்தி. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், வாய்விட்டு, தமிழில், செய்தி கொடுப்பதுபோலச் சொல்லத் தொடங்கினேன். யார், எங்கே, என்ன நடக்கிறது, எந்த நரம்பு, எதற்குப் பயம். சொல்லச் சொல்ல மூச்சு சீரானது. எல்லா விவரத்தையும் ஒருவரிடம் ஒப்படைத்தாயிற்று, இனி அதை நான் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் டாட்டன்ஷுட்ஸ் என்று சொல்லவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று, மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படாது என்று பின்னர் தெரிந்தது. நரம்பு அறுபடவில்லை, ஆனால் களைத்திருக்கிறது, பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். ஸ்டெல்லாவின் வாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது. முள்ளிப்பட்டுக்குப் போன் போட்டேன். அக்காவுக்குப் பின்னால் தறிச்சத்தம் கேட்டது.

"இங்க எல்லாரும் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணிகினு இருக்கோம்டா. எங்க, அவளப் பேசச் சொல்லு."

ஸ்டெல்லா பேசினாள். காற்று போனது.

"சத்தம் வரலன்னா இன்னா? மூச்சு வருதில்ல? அத்தக் குடுத்தவரு இத்தக் குடுக்க மாட்டாரா? பேஜார் படாத ஸ்டெல்லா" என்றாள் அக்கா. போனை வைத்தபின் அக்கா அழுதிருப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அதைக் காதில் விழும்படி செய்வதில்லை.

குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முழுவதும் வரவில்லை. உச்சத்தில் ஏறும் இடங்கள் போய்விட்டன. கீழே, முன்பில்லாத ஓர் அடர்த்தி வந்திருக்கிறது. முதியோர் இல்லத்தில் அது போதுமானதாக இருக்கிறது, பாடகர் குழுவில் ஹெல்காவுக்குப் பக்கத்தில் நிற்கவும் போதும்.

எங்கள் வழக்கப்படி, விண்ணப்பம் சொன்னவர் சுகமானபின் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கோடையின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு போதகர் அதற்கு இடம் கொடுத்தார். ஆரணிச் சபை ஆராதனை முடிந்தும் கலையாமல், முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அக்காவின் போன் முன்னால் குவிந்திருந்தது. நான் என் போனை உயர்த்திப் பிடித்தபடி இருக்கைகளுக்கு நடுவிலுள்ள நடைபாதையின் பின்முனையில் நின்றேன். இங்குள்ள இருக்கைகளெல்லாம் பீடத்தை நோக்கியவை, சபையார் முன்பாதியில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா அவர்களுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள்.

"ஜல்தி ஆரம்பி ஸ்டெல்லா, பிரியாணி ஆறுது!" என்று போனிலிருந்து மோசஸ் மாமாவின் குரல் அந்தக் கல்லாலான அமைதிக்குள் பாய்ந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அதையும் ஜெபம் என்றே நினைத்திருக்க வேண்டும்.

அவள் ஜெர்மனில் ஒரு வாக்கியம் சொன்னாள், அதையே தமிழில் சொன்னாள். ஜெர்மனுக்குப் பீடத்தின் பக்கம் திரும்பினாள், தமிழுக்கு என் கையிலிருந்த போனின் பக்கம். இப்படி இரண்டு மூன்று முறை திரும்பியபின், எந்தப் பக்கம் முகம் காட்டினாலும் மறுபக்கத்துக்கு முதுகு காட்டுகிறோம் என்று அவளுக்கே பட்டிருக்கும். நடைபாதையின் குறுக்கே, சன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள். ஒரு தோள் அவர்களுக்கு, ஒரு தோள் இவர்களுக்கு. அந்தப் புதிய, தாழ்ந்த குரலில் மீதியைச் சொல்லி முடித்தாள். ஒரு பக்கம் ஆமென் வெடித்தது, மறுபக்கம் மெல்ல எழுந்தது. அவள் இரண்டுக்கும் திரும்பாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியே பக்கவாட்டில் நின்றாள்.