நான் நிமிர்த்தி வைத்த தட்டுகள்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக வரும், முன்னுக்குப் பின் மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத் தட்டுகளை மட்டும் மறக்கவில்லை. உள்ளங்கை அளவு, மூடி போட்டது, உள்ளே ஜெலி மாதிரி ஒன்று.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ. நான் இருந்த ஹொல்ம்லியாவிலிருந்து காலை முதல் ரயிலில் போய் ஒஸ்லோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். நோய்க்கிருமிகளைப் பற்றிப் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி அங்கே இருந்தாள். "நீங்க துடைக்கிற வேகத்துக்கு என் கிருமியெல்லாம் பயந்து செத்துடும் ஆன்ட்டி" என்று பகிடி பண்ணுவாள். நான் சிரித்துவிட்டுப் போவேன். எனக்குப் பதிலுக்குக் கதைக்க வராது.

மேசையில் உள்ளதைத் தொடக்கூடாது என்பது சட்டம். ஒரு சனிக்கிழமை அவள் கிருமி வளர்க்கும் அந்தத் தட்டுகள் எல்லாம் தலைகீழாகக் கிடந்தன. கழுவின பாத்திரத்தைத்தானே கவிழ்த்து வைப்போம்? உள்ளே ஏதும் இருந்தால் நிமிர்த்தித்தானே வைப்போம்? பாவம், அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று ஒவ்வொன்றாக நிமிர்த்தி அடுக்கினேன்.

திங்கட்கிழமை அவள் தட்டுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"யார் ஆன்ட்டி இதை நிமிர்த்தினது?"

"நான்தான் பிள்ளை. கவிண்டு கிடந்தது."

மூடியில் வேர்க்கும் தண்ணீர் கிருமிகளின் மேல் சொட்டாமல் இருக்கத்தான் கவிழ்த்து வைப்பார்களாம். இப்போது எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து கலந்துவிட்டது. நோயாளிகளிடம் எடுத்தவை, திரும்ப எடுக்க முடியாது. அவளுடைய விசாவோ கோடையோடு முடிகிறது.

"விடுங்க ஆன்ட்டி. புரொபசர் கேட்டா நானே தப்பா வெச்சிட்டேன்னு சொல்லிக்கிறேன். உங்க வேலை போயிடும்."

"இல்லைப் பிள்ளை, நான் போய்ச் சொல்லுறன்."

மறுநாள் பேராசிரியரின் வாசலில் போய் நின்றேன். ரயிலில் சொல்லிச் சொல்லிப் பார்த்த நொர்வேஜிய வசனம் ஒன்றும் வாயில் இல்லை. மன்னியுங்கள் என்ற ஒரு சொல்தான் வந்தது. வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிடுவதற்கும் அங்கே அதே சொல்தான். அவர் சிரித்துக்கொண்டே எழும்பி, மேசைக்குக் கீழே இருந்த குப்பைத் தொட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார், நன்றியும் சொன்னார். வாங்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். தொட்டியைத் திரும்ப வைக்கும்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவளுக்கு மேலதிக காலம் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாமலே ஊருக்குப் போனாள்.

அவள் விளக்கியதை நான் சரியாக எழுதினேனோ தெரியாது. அந்தப் படிப்புப் படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துப் பிழையைத் திருத்துங்கள். இரண்டு நாள் நிமிர்ந்து கிடந்ததற்கு அத்தனையும் பழுதாகுமா என்றும் சொல்லுங்கள். ஆகும் என்றாலும் சொல்லுங்கள்.