மிதந்துபோன மூட்டைகள்

பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மகளின் போன் பாதியில் அறுந்தது. காய்ந்த ஓடைக்குள் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தாள். "மலை மேல மேகம் கட்டிக்கினு வருதுப்பா. இங்க இன்னா வெயிலு தெரியுமா?" என்று சிரித்தவள், "இருப்பா, மூட்டைங்க..." என்றாள். பிறகு ஓர் இரைச்சல்.

ஏலகிரி அடிவாரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி முதலாளி, தன்னிடம் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக கோல்ஃப் மைதானம் போட்டுக்கொண்டிருந்தார். அதை வடிவமைத்தவர்களில் என் மகளும் ஒருத்தி. "மட்டமாக்கிட்டா விளையாட்டே இல்லப்பா. பாறை, பள்ளம், ஓடை எல்லாம் இருந்தபடியே இருக்கணும். பந்து அதத் தாண்டணும், இல்லனா தோத்தான்" என்பாள். குறுக்கே போன காட்டோடையை மூடவிடாமல் காப்பாற்றியதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

முதலாளிக்கு வறண்ட ஓடை பிடிக்கவில்லை. தண்ணீர் மின்ன வேண்டுமாம். மேட்டில் ஓடைக்குக் குறுக்கே மூட்டைகளை அடுக்கி மழைநீரைத் தேக்கினார்கள். மூட்டைக்குள் மண் இல்லை. தோலை மெஷினில் சீவும்போது உதிரும் சீவல். கொட்ட இடமில்லாமல் தொழிற்சாலையில் குவிந்து கிடப்பது. மகள் ஆட்சேபித்தபோது மேனேஜர், "இன்னா மேடம் பேஜார் பண்றீங்க? மண்ணுன்னா வெளியேருந்து வரணும். இது நம்ம வூட்டு சரக்கு" என்றாராம். அதை அவள் நடித்துக் காட்ட, வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆம்பூரிலிருந்து பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. ஓடை மட்டும் செந்நிறமாகக் கரை புரண்டது. சீவல் மூட்டைகள் அதன்மேல் லேசாக மிதந்து போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல், "ஃபயர் சர்வீஸ் வந்துட்டே இருக்காங்க சார்" என்றார்.

அவள் பெயரைக் கத்திக்கொண்டே கரையோரமாக நடந்தேன். ஒவ்வொரு மூட்டையும் அவளாகத் தெரிந்தது. ஓரிடத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பதில் வராததை இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில், கீழேயிருந்த வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து சிலர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்னால் வந்த பெண்ணின் புடவை முழுக்கச் சேறு. ஓடிய என்னை நெஞ்சில் கைவைத்துத் தடுத்தாள்.

"உங்க பொண்ணா சார்? உசுரு இருக்குது. காலை மட்டும் இப்ப பாக்காதீங்க."