என் இடது கைத் தழும்பு

முப்பது வருடம் திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் நர்சாக இருந்தேன். ஊசிக்குப் பயந்து பிள்ளையை முந்தானையில் மறைக்கும் தாய்மார்களிடம் ரவிக்கைக் கையை ஏற்றி என் தழும்பைக் காட்டுவேன். "பாரும்மா, எனக்கும் சின்னதுல அம்மை குத்தியிருக்காங்க. அழவே இல்லியாம். எங்கம்மா சொல்லுவாங்க." பிரம்மதேசம் கிராமத்தில் பாதிப் பிள்ளைகள் அந்தத் தழும்பை நம்பித்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் காலத்தில் பெரியம்மை ஊசி போட்டுக்கொண்டவர்களின் ரத்தம் வேண்டும் என்று விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா கேட்டார். அந்த ஊசியால் உடம்பில் உண்டான எதிர்ப்புப் பொருள், ஆன்டிபாடி என்பார்களே, அது பல வருடம் ரத்தத்திலேயே தங்கியிருக்குமாம். அதைப் பிரித்தெடுத்து, குரங்கம்மை முற்றியவர்களுக்கு மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். முதல் ஆளாகப் போய்க் கை நீட்டினேன். கூடவே நாலு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன். பெருமைதான், வேறென்ன.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். அந்த நாலு பேர் ரத்தத்திலும் அது இருந்தது, என்னுடையதில் இல்லை. மெஷின் கோளாறு என்று சண்டை பிடித்தேன். அவர் என் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"அம்மை குத்தின தழும்பு குழியா, புள்ளி புள்ளியா இருக்கும் சிஸ்டர். இது வழவழன்னு இருக்கு. சூடு வெச்ச மாதிரி."

ஊரார் கைகளையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் கையைப் பார்க்கத் தோன்றவில்லை.

நேராகத் திருவாமாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் வீட்டில் அம்மா மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். தழும்பைக் காட்டிக் கேட்டதும் அவள் கை நின்றது.

"உங்கண்ணனுக்குக் குத்தி, காய்ச்சல்ல பொழச்சதே பெரும்பாடு. அதான் உன்ன நெல்லுக் குதிருக்குள்ள ஒளிச்சு வெச்சேன். தழும்பு இருக்கான்னு பாக்க மறுபடியும் வருவோம்னாங்க. மஞ்சக் கொம்பக் கொளுத்திச் சூடு வெச்சுட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஆகவில்லைதான். ஆனால் வேலியே பயிரை மேய்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை. என்னை மட்டுமா ஏமாற்றினாள்? என்னை நம்பிப் பிள்ளையைக் கொடுத்த அத்தனை தாய்மார்களிடமும் என் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டாள்.

"நான் அழவே இல்லன்னு சொன்னியே, அதுவும் பொய்யா?"

அம்மா முறத்திலிருந்த தோலை ஊதித் தள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை.

"குத்தறவங்க இன்னும் தெருவுலதான் இருந்தாங்க. உன் வாயைப் பொத்திக்கினுதான் சூடு வெச்சேன்."